உப்புக்காற்றும் நாலு கம்பியும்: ஐம்பதுக்கு மேல் பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டாருக்கு எந்த ஸ்ட்ரிங் போடலாம் என்று கேட்டால், எல்லோரும் தங்களுக்குப் பிடித்த வாசிப்பாளர் எதைப் போட்டார் என்றுதான் சொல்வார்கள். கோயம்புத்தூரில் இருப்பவருக்கு அந்தப் பதில் போதும். பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில், மண்டபம் என்ற ஊரில் குடியிருப்பவருக்குப் போதாது. இங்கே முதலில் காற்றைக் கேட்க வேண்டும், அப்புறம் விரலை. ஐம்பதைத் தாண்டியிருந்தால் காதையும் கேட்க வேண்டும். பிடித்த வாசிப்பாளர் அதற்குப் பிறகு வரட்டும்.

நான் படகுச் சாமான் கடை வைத்திருக்கிறேன். ரோப், ஷாக்கிள், யு-போல்ட், எஞ்சின் ஓஸ், டெஃப்லான் டேப் என்று காலம் போகிறது. பேஸ் எடுத்தது 54 வயதில். எங்கள் பங்குக் கோயில் பாடற்குழுவில் பேஸ் வாசித்த பையன் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டான். கிட்டார் சாமான் அறையில் உறைக்குள் கிடந்தது. கீபோர்டு வாசிக்கும் தம்பிதான் ஆரம்பித்து வைத்தான். "மாமா, ஒங்க கொரலு எப்பவும் கீழதான நிக்குது. பேஸ நீங்களே எடுங்களேன்." பாட்டில் நான் சுருதி ஏற முடியாமல் திணறுவதைக் கேலி செய்கிறானா, நிஜமாகவே கூப்பிடுகிறானா என்று தெரியவில்லை. எடுத்துப் பார்த்தேன்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு பேஸ் அந்நியமான சத்தம் இல்லை. டவுன் பஸ் ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ராஜா சார் குழுவில் பேஸ் வாசித்த சசிதரனின் பெயர் தெரியாமலேயே அவர் வாசித்ததை முணுமுணுத்திருக்கிறோம். பிறகு ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ். பாட்டைப் பாடச் சொன்னால் வரியை மறந்துவிட்டு பேஸை மட்டும் வாயால் பாடுகிற ஆள் ஊருக்கு ஒருவராவது உண்டு. எங்கள் ஊரில் அது நான்.

வயது போன பிறகு பேஸ் கற்பவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்ச சத்தங்களை. டீசல் எஞ்சின் பக்கத்திலேயே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் முதலில் மங்கும். பேஸின் தடித்த இ கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, ஏ 55, டி 73, ஜி 98. ஜி கம்பியில் 20-ஆவது ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அழுத்தினாலும் 311 ஹெர்ட்ஸ்தான். வயலினுக்கோ புல்லாங்குழலுக்கோ இப்படிச் சொல்ல முடியாது. இந்தச் சௌகரியமே ஸ்ட்ரிங் விஷயத்தில் காலை வாரியது. அதைக் கீழே சொல்கிறேன்.

கைதான் சிரமம். வழக்கமான பேஸில் நட்டிலிருந்து (கழுத்து முனையில் கம்பி உட்காரும் பள்ளக் கட்டை) பிரிட்ஜ் (உடம்பில் கம்பியைத் தாங்கும் பாகம்) வரை கம்பியின் நீளம் 34 இஞ்ச். முதல் ஃப்ரெட்டுக்கும் நாலாவது ஃப்ரெட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 13 செ.மீ. 'ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட்' என்று இளம்பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையை நான் இரண்டு வாரத்திலேயே விட்டேன். மோதிரவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்துதான் வேலை செய்யும் என்பது இந்த வயதில் நன்றாகவே தெரியும். டபுள் பேஸ்காரர்களிடம் பழைய முறை ஒன்று இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் சிமாண்டல் என்பவர் பாடப்புத்தகமாகவே எழுதி வைத்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் இந்த மூன்றையும் வைத்து மூன்று ஃப்ரெட். மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணை நிற்கும். நாலாவது ஃப்ரெட் வேண்டுமென்றால் விரலை நீட்டாமல் கையையே நகர்த்த வேண்டும். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கட்சி.

வலது கையில் பலம் தேவையில்லை. கம்பியைப் பிடுங்கி வாசித்தால் கொப்புளம்தான் மிச்சம். ஆம்பின் சத்தத்தைக் கூட்டி, விரல் நுனியால் தொட்டு விட்டால் போதும். சர்க்கரை உள்ளவர்கள் (நானும்தான்) கொப்புளம் ஆறாமல் திரும்ப வாசிக்கக் கூடாது. தோள்பட்டை இறுக்கமும் சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும். நாலு கிலோ கிட்டாரை மெல்லிய பெல்ட்டில் தொங்கவிட்டுத் திருப்பலி முழுக்க நின்றால் இரவில் கையைத் தூக்க முடியாது. அகலமான பெல்ட் வாங்கினேன். ஒத்திகையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன்.

பாடற்குழுவில் இன்னொரு தலைவலி, கீபோர்டின் ட்ரான்ஸ்போஸ் பட்டன். சாமியார் சுருதி ஏற்றினால் தம்பி அந்தப் பட்டனைத் தட்டிவிட்டு, விரலை மாற்றாமல் அதே 'சி'யை வாசித்துக்கொண்டிருப்பான். எனக்கு அந்தப் பட்டன் கிடையாது. "மாமா, சி-தான் மாமா" என்பான். கேட்பதோ டி ஷார்ப். அதனால் திறந்த கம்பிகளை நம்பாமல், எல்லா வாசிப்பையும் அழுத்திய விரல்களில் பழகிக்கொண்டேன். சுருதி ஏறினால் கை மொத்தமாக மூன்று ஃப்ரெட் மேலே போகும், விரல் அமைப்பு மாறாது.

இனி கம்பிக்கு வருகிறேன். சாமான் அறையில் கிடந்த அந்த கிட்டாரின் கம்பிகளை முதல் நாள் டியூப் லைட்டில் பார்த்தபோது, விரல் அடிக்கடி படும் மூன்றாவது, ஐந்தாவது ஃப்ரெட் பக்கம் கறுத்திருந்தது. விரலே படாத மேல் பகுதியில் ஆரஞ்சு நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகள். வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் துணியில் நாலு பழுப்புக் கோடு. பிரிட்ஜில் கம்பி மடங்கும் இடத்தில் துரு பொருக்காகவே உட்கார்ந்திருந்தது. அங்கேதான் எப்போதும் ஆரம்பிக்கும், யாரும் துடைக்காத இடம். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சேடிலின் திருகு இரண்டு அசையவே இல்லை. அதற்கு ஒரு சொட்டு மெஷின் ஆயிலை ஊசிமுனையில் எடுத்து வைத்து, ஒரு ராத்திரி விட்டுத் திருப்பினேன். ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்குள் போகும்.

எங்களுக்கு இந்தப் பக்கம் பாக் விரிகுடா, அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடை வந்தால் வடகடல். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பக்கத்து ஜன்னல் வழியே உப்பு வந்துகொண்டேயிருக்கும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பாற்ற எத்தனை தலைமுறை பெயின்ட் அடித்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப்பாலம் வந்தது. பாலத்தையே தின்ற காற்று ஒன்றரை மில்லிமீட்டர் கம்பியை விடுமா?

கடையில் எஸ்.எஸ். 304-க்கும் 316-க்கும் வித்தியாசம் சொல்லி விற்கிறவன் என்பதால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்ட்ரிங் இருக்கிறது என்றதும் பிரச்சினை முடிந்தது என்றுதான் தோன்றியது. ஆனால் பேஸ் கம்பி ஒரே உலோகம் இல்லை. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி இன்னொரு கம்பி. பாக்கெட்டில் எழுதியிருப்பது வெளியே சுற்றியிருப்பதன் பெயர். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஹை கார்பன் ஸ்டீல்தான், அந்த இழுவையைத் தாங்க அது வேண்டும். மேலே ஸ்டெயின்லெஸ் பளபளத்தாலும் சுற்றின் இடுக்கு வழியே உப்பீரம் இறங்கினால் உள்கம்பி துருப்பிடிக்கும். நிக்கல் பூசிய ஸ்டீல் சுற்றில் இன்னும் சீக்கிரம், பூச்சு தேய்ந்த இடத்தில் அடியில் இருப்பதும் இரும்புதானே. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வேறு குறையும் உண்டு. சொரசொரப்பு அதிகம், ஃப்ரெட்டையும் கூடுதலாகத் தேய்க்கும். இளம் விரலுக்கு அது பொருட்டில்லை.

முதலில் நிக்கல் பூசிய ரவுண்ட்வுண்ட் 45-105 போட்டேன். எண்கள் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. மெல்லிய ஜி 1.14 மி.மீ., தடித்த இ 2.67 மி.மீ. எனக்குச் சத்தம் அருமையாக இருந்தது. இரண்டாவது ஞாயிறு, பாடற்குழுவில் முன்வரிசையில் நிற்கும் பொண்ணு முகத்தைச் சுளித்தது. "மாமா, நீங்க கைய நவுத்துறப்பல்லாம் கீச்சு கீச்சுங்குது, மைக்ல பிடிக்குது." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தம்பி செல்போனில் பதிந்து ஹெட்போனில் போட்டுக் காட்டினான். அப்போதும் சரியாகக் கேட்கவில்லை. ரவுண்ட்வுண்டில் வெளிச்சுற்று உருண்டைக் கம்பி, அதன் மேட்டுப் பள்ளத்தில் விரல் இழுபடும்போது எழும் கீச்சு முழுக்க உச்ச சத்தம். எஞ்சின் என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட அதே பகுதி. நாற்பதைத் தாண்டி பேஸ் எடுக்கும் யாரும் ஸ்ட்ரிங்கின் சத்தத்தைத் தன் காதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து வாசியுங்கள்.

அதற்குப் பிறகுதான் ஃப்ளாட்வுண்ட். வெளிச்சுற்று பட்டையான நாடாக் கம்பி, தடவினால் வழுவழு. 1951-ல் ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ் வந்த காலத்தில் இதுதான் நடைமுறை. ரவுண்ட்வுண்ட் பரவியது 60-களில், இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் வழியாக. அமெரிக்காவில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனிப் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தடித்த லா பெல்லா ஃப்ளாட்வுண்ட் போட்டு, அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பார்கள். டெட்ராய்ட்டில் கடல் இல்லை, அவருக்குச் சரி. ஆனால் இங்கேயும் ஃப்ளாட்வுண்ட் ரவுண்ட்வுண்டைவிடப் பல மடங்கு நாள் நிற்கிறது. அழுக்கும் உப்பும் உட்கார மேற்பரப்பில் பள்ளம் இல்லை, துடைத்தால் வந்துவிடும். ஏற்கெனவே மங்கலான சத்தம் என்பதால் பழசானாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. விலை ரவுண்ட்வுண்ட் செட்டைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. மாற்றும் இடைவெளியைப் பார்த்தால் அது மலிவு.

சிமென்ட் கூரை, டைல்ஸ் தரை உள்ள கோயிலில் எதிரொலி அதிகம், பேஸ் நோட் நீண்டால் குழம்பும். ஃப்ளாட்வுண்ட் டும் என்று விழுந்து சீக்கிரம் அடங்கும். பிரிட்ஜ் பக்கம் கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சும் செருகிவிட்டேன். கடைசிப் பெஞ்சில் உட்காரும் என் மனைவி, இப்போதுதான் பாட்டு வரி புரிகிறது என்றாள்.

ஃப்ளாட்வுண்ட் எல்லாம் மென்மை என்று நினைத்துவிட வேண்டாம். பல செட்டுகள் ரவுண்ட்வுண்டைவிட விறைப்பு. 45-100 ரவுண்ட்வுண்ட் செட்டே நாலு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ அளவுக்குக் கழுத்தை இழுக்கும். அதைவிட விறைப்பான செட் போட்டால் கழுத்து முன்னால் வளையும், கம்பி மேலே எழும்பும், விரல் வலிக்கும். கழுத்து வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பி, ஒரு நாள் விட்டு, திரும்பப் பார்க்க வேண்டும். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை ஒரேயடியாக இறுக்கத்தான் பார்க்கும். வாங்கும்போது தடிமனை மட்டும் பார்க்காமல் டென்ஷன் எவ்வளவு என்று அட்டையில் இருக்கிறதா பாருங்கள். தாமஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட்ஸ் போன்ற குறைந்த இழுவை செட்டுகள் மூத்த விரலுக்கு ஏற்றவை, விலைதான் கையைக் கடிக்கும்.

விரல் வலிக்கு இன்னொரு வழி ஷார்ட் ஸ்கேல் பேஸ், 30 இஞ்ச். அதே தடிமன், அதே சுருதி என்றால் இழுவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவதற்கு 13 செ.மீ. என்பது 11.5-க்கு வந்துவிடும். பால் மெக்கார்ட்னி வாசித்த ஹாஃப்னர் இந்த வகைதான், ஆகவே சின்னப்பிள்ளை கிட்டார் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். வீட்டில் வாசிக்க நான் ஒன்று வாங்கிவிட்டேன். இதற்கு ஸ்ட்ரிங் வாங்கும்போது பாக்கெட்டில் 'ஷார்ட் ஸ்கேல்' என்று இருக்க வேண்டும். லாங் ஸ்கேல் கம்பியை வெட்டிப் போட்டால் தடித்த பகுதியே சுருதி சேர்க்கும் முளையில் சுற்ற வேண்டிவரும். அங்கே முறிந்தாலும் முறியும், சுருதியும் நிற்காது.

வீட்டு கிட்டாரில் பூச்சு போட்ட ரவுண்ட்வுண்ட் போட்டிருக்கிறேன். எலிக்சர் என்று வருவது கோர்-டெக்ஸ் துணி செய்யும் கோர் கம்பெனியின் சரக்கு. அந்தப் பூச்சு, நான் கடையில் ரோல் ரோலாக விற்கும் டெஃப்லான் டேப்பின் குடும்பம். சுற்றிய பிறகு மேலே பூசுவதால் இடுக்குக்குள் உப்பு இறங்க வழியில்லை. கடற்கரையில் ரவுண்ட்வுண்ட் சத்தம்தான் வேண்டும் என்பவருக்கு இதைத் தவிர வேறு சிபாரிசு என்னிடம் இல்லை. நாளாவட்டத்தில் விரல் படும் இடத்தில் பூச்சு நூல் நூலாகப் பிரியும். அது பார்வைக்குத்தான் அசிங்கம்.

கறுப்பு நைலான் நாடா சுற்றிய டேப்வுண்டும் உண்டு. மதுரையில் ஒருவருடைய கிட்டாரில் வாசித்துப் பார்த்தேன், விரலுக்கு இதைப்போல் சுகம் வேறில்லை. தடிமன் அதிகம் என்பதால் நட்டில் பள்ளத்தை அகலமாக்க வேண்டிவரும். நைலான் மின்சாரத்தைக் கடத்தாது. சாதாரணக் கம்பியைத் தொட்டதும் அடங்கும் ஆம்ப் இரைச்சல் இதில் அடங்காது. எங்கள் கோயில் கரண்டுக்கு அது சரிப்படாது என்று விட்டுவிட்டேன்.

கரண்டு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். திருவிழா மேடையில் ஜெனரேட்டரில் ஆம்ப் ஓடினால், கம்பியைத் தொட்ட கையோடு மைக்கில் வாய் வைப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியனிடம் எர்த் பார்த்துவிடச் சொல்லுங்கள். கம்பி பிரிட்ஜ் வழியாக ஆம்பின் பாடியோடு சேர்ந்திருக்கிறது. உப்பு ஈரத்தில் நின்று வாசிக்கும்போது விளையாட்டில்லை.

பராமரிப்பில் எல்லோரும் சொல்வது ஸ்பிரிட்டில் துடை என்பது. ஐசோப்ரொப்பைல் ஸ்பிரிட் விரலின் எண்ணெயைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. உப்புக்குத் தண்ணீர்தான். அந்த உப்போ, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாக நீர் கோத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் ராத்திரியில் அதைத் தாண்டாத நாள் குறைவு. அதனால் வாசித்து முடித்ததும் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்து ஒரு இழுப்பு. உடனே காய்ந்த துணியால் இரண்டு இழுப்பு. போர் தண்ணீர் வேண்டாம், எங்கள் போரில் வருவதே பாதி கடல். குடிக்க வாங்கும் கேன் தண்ணீர் போதும். ஸ்பிரிட் போடுவதென்றால் கம்பியில் மட்டும், மரத்தில் பட்டால் வறண்டுபோகும். கம்பியை வெந்நீரில் கொதிக்கவைத்தால் புதுசாகிவிடும் என்ற யோசனையும் காதில் விழும். அழுக்கு போகும், சத்தமும் கொஞ்ச நாள் திரும்பும், ஆனால் இடுக்கில் ஈரம் தங்கினால் இங்கே துருவை வரவழைக்கிறோம் என்று அர்த்தம்.

துணி உறையை ஒழித்து, ரப்பர் விளிம்பு வைத்த கெட்டிப் பெட்டிக்கு மாறினேன். துணி உறை உப்பீரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரவெல்லாம் கம்பிக்கு ஊட்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், நிறம் மாறினால் சூடுபடுத்தி உலர்த்தித் திரும்பப் போடலாம்.

கம்பி செத்துவிட்டதா என்று என் காதால் முடிவு செய்ய முடியாது என்பதால் சுருதி காட்டும் ட்யூனரை நம்புகிறேன். 12-ஆவது ஃப்ரெட்டின் நேர்மேலே கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு, ஹார்மோனிக் என்ற மணிபோன்ற ஒலியை எழுப்ப வேண்டும், பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்க வேண்டும். இரண்டும் ஒரே சுருதி காட்ட வேண்டும். நேற்றுவரை சரியாக இருந்து, யாரும் சேடிலைத் தொடாமல், ஒரு கம்பி மட்டும் விலகினால் அதன் எடை சீராக இல்லை. துருவோ அழுக்கோ ஒரு பக்கம் ஏறிவிட்டது. மாற்றிவிடலாம்.

மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள், கழுத்தின் இழுவை மொத்தமாக அறுந்து போகாது. முளையைத் தாண்டி நாலைந்து இஞ்ச் விட்டு, முதலில் செங்குத்தாக மடக்கி, மடக்கிய பிறகே வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் சுற்று உள்ளே நழுவி, புதுக் கம்பியும் செத்த கம்பிபோலச் சத்தம் போடும். ஃப்ளாட்வுண்டில் இது இன்னும் முக்கியம்.

மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கரையேறிய படகுகளுக்கு வேலை நடக்கும். கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த 61 நாளும் கோயில் கிட்டார் பெட்டியிலேயே இருக்கும், ஞாயிறு மட்டும் வெளியே வரும். பெட்டியில் வைத்தாலும் சுருதியைத் தளர்த்த வேண்டாம், கழுத்து அந்த இழுவைக்குத்தான் பழகியிருக்கிறது. துபாய் பையன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது தாமஸ்டிக் செட் ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறான். லாங் ஸ்கேல், நாலு கம்பி, ஃப்ளாட் என்று மூன்றையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். அவனுக்கு ரவுண்ட்வுண்ட்தான் பிடிக்கும், வாய்வார்த்தையாகச் சொன்னால் அதைத்தான் வாங்கி வருவான்.